தண்ணீர் இதமாக இருக்கிறது, மூச்சுதான் விட முடியவில்லை

உள்ளரங்க நீச்சல் குளம் எதுவானாலும் சரி, வரவேற்பு மேசையில் இருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள், தண்ணீரின் சூட்டைப் பற்றிப் புகார் வராத நாளே இருக்காது. பாதிப் பேர் "ஐஸ் மாதிரி இருக்கு" என்பார்கள், மீதிப் பேர் "வெந்நீர் போட்டு வெச்சிருக்கீங்களா" என்பார்கள். இரண்டு கட்சியும் இறங்கியது அதே குளத்தில், அதே காலையில். நான் இரண்டாவது கட்சி. லேனில் முன்னும் பின்னும் நீந்திக்கொண்டே இருக்கிறவன் என்பதால் எனக்கு 27 டிகிரி போதும், 26 என்றாலும் முதல் இரண்டு சுற்று முணுமுணுத்துவிட்டு அப்புறம் மறந்துவிடுவேன்.

இந்தச் சண்டை நடப்பதெல்லாம் ஒன்றிரண்டு டிகிரிக்காக. ஆனால் அதே கட்டடத்துக்குள் கண் எரிகிறது, தொண்டை கமறுகிறது, கடைசிச் சுற்று முடிந்து சுவரைப் பிடித்துக்கொண்டு இருமுகிறோம், இதைப் பற்றி யாரும் புகார் எழுதி நான் பார்த்ததில்லை. கண் எரிந்தால் "குளோரின் ஜாஸ்தி", இருமினால் "சளி பிடிச்சிருக்கு" என்று நாமே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு உடை மாற்றப் போய்விடுகிறோம். காற்று என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வருவதில்லை. எனக்கு இதில்தான் ஆதங்கம். தண்ணீரின் சூட்டையும் காற்றையும் தனித்தனி விஷயங்களாகப் பேசவே முடியாது, தண்ணீரை ஒரு டிகிரி ஏற்றச் சொல்கிறவர் காற்றிலும் கை வைக்கச் சொல்கிறார், அது அவருக்கும் தெரியாது, பல நேரம் ஏற்றுகிறவருக்கும் தெரியாது.

முதலில் தண்ணீர். உலக நீச்சல் கூட்டமைப்பு, அதாவது முன்பு ஃபினா என்று இருந்து இப்போது வேர்ல்ட் அக்வாடிக்ஸ் என்று பெயர் மாறிய அமைப்பு, போட்டிக் குளங்களுக்கு 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் என்று விதி வைத்திருக்கிறது. இது நீச்சல்காரர்களின் வீம்புக்காக வைத்த எண் கிடையாது. வேகமாக நீந்தும்போது உடல் செலவழிக்கும் சக்தியில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் போகிறது, முன்னே தள்ளுவதற்குப் பயன்படுவது கொஞ்சம்தான். தரையில் ஓடினால் வியர்த்து, வியர்வை ஆவியாகி, உடம்பு குளிர்ந்துகொள்ளும். தண்ணீருக்குள்ளும் வியர்க்கத்தான் செய்கிறது, ஆனால் அந்த வியர்வை ஆவியாக இடமில்லை, சும்மா குளத்தில் கலந்துவிடுகிறது. அந்தக் கலந்த வியர்வை என்ன செய்கிறது என்பது பின்னால் வரும். ஆக, உடம்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போக ஒரே வழி சுற்றியிருக்கும் தண்ணீர்தான், அது உடம்பைவிட நன்றாகவே குளிர்ந்திருக்க வேண்டும்.

நீர் வெப்பத்தைக் கடத்தும் திறன் காற்றைவிட சுமார் 25 மடங்கு. அதனால்தான் 27 டிகிரி அறையில் சட்டையில்லாமல் உட்கார்ந்திருக்க முடிகிற ஆள், 27 டிகிரி தண்ணீரில் மார்பளவு நின்று அரட்டை அடித்தால் கால் மணி நேரத்தில் பல் கிட்டுகிறது. அசையாமல் கிடக்கும் உடம்புக்குச் சூடும் குளிரும் தெரியாத தண்ணீர் என்றால் ஏறக்குறைய 33 முதல் 35 டிகிரி. கைக்குழந்தைக்கு எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம், சீக்கிரம் குளிர்ந்துவிடும், அதனால் குழந்தைகளை இறக்கும் குளத்தை 32 டிகிரி பக்கம் வைக்கிறார்கள். தண்ணீரில் உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு 28 முதல் 30, மூட்டுவலிக்காக வருகிறவர்களுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. வெந்நீர்த் தொட்டிக்கு 40 டிகிரி உச்சவரம்பு, அதுவும் கர்ப்பிணிகளுக்கும் இதயக் கோளாறு உள்ளவர்களுக்கும் மருத்துவரைக் கேட்காமல் ஆகாது.

ஆக, யாரும் பொய் சொல்லவில்லை. "ஐஸ் மாதிரி இருக்கு" என்ற பாட்டிக்கும், முகம் சிவந்து நிற்கும் பையனுக்கும் ஒரே தண்ணீர் இரண்டு விதமாகத்தான் இருக்கும். சூடான தண்ணீர் யாரையும் ஒன்றும் செய்யாது என்ற நினைப்பு மட்டும் தப்பு. 2010 அக்டோபரில் ஐக்கிய அரபு எமிரேட்ஸின் ஃபுஜைராவில் நடந்த 10 கிலோமீட்டர் கடல் நீச்சல் போட்டியில் அமெரிக்க வீரர் ஃபிரான் கிரிப்பன் உயிரிழந்தார். வயது 26. தண்ணீரும் வெயிலும் கடுமையான சூட்டில் இருந்த நாள் அது. அதற்குப் பிறகுதான் திறந்தவெளி நீச்சலில் தண்ணீர் 31 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்ற விதி வந்தது. உள்ளரங்கக் குளத்தில் யாரும் 10 கிலோமீட்டர் போட்டி நடத்துவதில்லைதான், ஆனால் 30 டிகிரித் தண்ணீரில் கடுமையான பயிற்சி கொடுத்துவிட்டு "ஏன் இன்னைக்கு எல்லாரும் மந்தமா இருக்கீங்க" என்று கத்தும் கோச்சை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் மந்தம் இல்லை சார், வெந்துகொண்டிருக்கிறார்கள்.

ஒரே ஒரு குளம் வைத்திருக்கும் இடங்கள் கடைசியில் 28, 29 என்று ஒரு நடுவான எண்ணில் வந்து நிற்கின்றன, யாருக்கும் முழுத் திருப்தி இருக்காது. அதுகூடப் பரவாயில்லை. இங்கே இன்னொன்று நடக்கிறது. தண்ணீர் குளிர்கிறது என்று வரும் புகார்களில் கணிசமானவை தண்ணீரைப் பற்றியவையே இல்லை என்பது என் அனுமானம். தண்ணீர் 28, அரங்கின் காற்று 24 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏணியைப் பிடித்து மேலே ஏறுகிறீர்கள், ஈர உடம்பின் மேல் அந்தக் காற்று படுகிறது, தோலில் உள்ள நீர் சரசரவென்று ஆவியாகி உடம்பின் சூட்டை இழுத்துக்கொண்டு போகிறது, உதறல் எடுக்கிறது. உதறிக்கொண்டே மேசைக்குப் போய் நாம் என்ன சொல்வோம்? "தண்ணி ரொம்பக் குளிருது." அவர்களும் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்றிவிடுவார்கள். காற்று அப்படியே இருக்கும். இப்போது நிலைமை முன்பைவிட மோசம்.

ஏன் மோசம் என்பதற்கு ஆவியாதலைப் பார்க்க வேண்டும், கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் நீர் குளத்திலிருந்து ஆவியானால் அது எடுத்துக்கொண்டு போகும் வெப்பம், கிட்டத்தட்ட 580 லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம். ஒரு குளம் இழக்கும் வெப்பத்தில் பெரும்பங்கு இப்படி ஆவியாகத்தான் போகிறது, சுவர் வழியாகவும் தரை வழியாகவும் போவது சொற்பம். எவ்வளவு ஆவியாகும் என்பதை முடிவு செய்வது தண்ணீரின் சூடு, காற்றின் சூடு, காற்றில் ஏற்கெனவே எவ்வளவு ஈரம் இருக்கிறது, தண்ணீர் எவ்வளவு கலங்குகிறது என்ற நான்கும். காற்று 29 டிகிரியில் 60 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, தண்ணீரை மட்டும் 27லிருந்து 32க்கு ஏற்றினால், ஆவியாதலைத் தள்ளும் நீராவி அழுத்த வித்தியாசம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. ஐந்து டிகிரிக்கு இரண்டு மடங்கு!

அதனால்தான் குளம் கட்டுகிறவர்களிடையே ஒரு பழைய விதி உண்டு. அரங்கின் காற்று எப்போதும் தண்ணீரைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும், ஈரப்பதம் 50 முதல் 60 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். அப்படி வைத்தால் ஆவியாதலும் அடங்கும், வெளியே வருகிறவருக்கும் நடுங்காது. இந்த விதிக்கு ஓர் எல்லை இருக்கிறது. காற்றை 30 டிகிரிக்கு மேல் கொண்டுபோனால் நாள் முழுக்க உடையோடு நிற்கும் லைஃப்கார்டும் பயிற்சியாளரும் புழுங்கிப் போவார்கள். தண்ணீரை 32 ஆக்கினால் காற்று 33, 34 ஆக வேண்டும், அதை யாரும் செய்யப் போவதில்லை, ஆகவே காற்று பின்தங்குகிறது, தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது, அரங்கம் முழுக்க ஈரம்.

மூடிய அறைக்குள் நாள் முழுக்க ஈரத்துணி காயப்போட்டது போன்ற நிலைமை அது. 29 டிகிரி, 60 சதவீதம் என்ற சாதாரண நிலையில்கூட, 20 டிகிரி அளவுக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர்த்துளி படியத் தொடங்கிவிடும். ஜன்னல் கண்ணாடி, இரும்புச் சட்டம், கூரைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத மூலை முடுக்கு எல்லாவற்றிலும். அந்த ஈரத்தில் குளோரின் சேர்மங்களும் கரைந்திருக்கும். சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் 1985 மே 9 அன்று ஓர் உள்ளரங்கக் குளத்தின் கான்கிரீட் உட்கூரை அப்படியே கீழே விழுந்து 12 பேர் இறந்தார்கள். கூரையைத் தாங்கிய கம்பிகள் துருப்பிடிக்காத எஃகு, எல்லோரும் பயப்படாமல் பயன்படுத்துகிற பொருள். குளத்துக் காற்றின் குளோரைடு அந்த எஃகுக்குள் நுண்ணிய விரிசல்களை உண்டாக்கி, வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாமலேயே அறுத்துவிட்டது. 2011இல் நெதர்லாந்தின் டில்பர்க்கில் ஒரு குளத்தின் கூரையிலிருந்து ஒலிபெருக்கி விழுந்து ஒரு குழந்தை இறந்ததற்கும் இதே வகை எஃகுப் பிரச்சினைதான் காரணம். குளத்துக் காற்று இரும்பையே இப்படிச் செய்கிறது என்பதை நான் இங்கே சொல்வது பயமுறுத்த இல்லை. அந்தக் காற்றைப் பராமரிப்பது அலங்கார வேலை இல்லை என்பதற்காகத்தான்.

இனி அந்த வாசனை. உள்ளே நுழைந்ததும் மூக்கில் ஏறுமே, பலர் "ஆஹா, நல்லா குளோரின் போட்டிருக்காங்க, சுத்தமா இருக்கு" என்பார்கள். இதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரிவதில்லை. சரியான அளவில் போட்ட குளோரின் பெரிதாக மணப்பதில்லை. நாம் முகர்வது குளோரமைன். குளோரின் போய் நம் வியர்வையில், சிறுநீரில், தோலில் உள்ள நைட்ரஜன் பொருள்களோடு சேர்ந்து உண்டாவது. மோனோ, டை, ட்ரை என்று மூன்று வகை. இதில் மூன்றாவது, ட்ரைகுளோரமைன், தண்ணீரில் தங்காது, உடனே காற்றுக்கு ஓடிவிடும். கண்ணையும் மூக்கையும் தொண்டையையும் உறுத்துவது பெரும்பாலும் அதுதான். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் நீர்மட்டத்துக்குச் சற்று மேலேயே தேங்கி நிற்கும். நீந்துகிறவன் தலையைத் திருப்பி மூச்சு இழுக்கும் இடம் எது? அதே இடம்தான். மேலே இருக்கையில் உட்கார்ந்து பிள்ளை நீந்துவதை வீடியோ எடுக்கும் அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது, கீழே பிள்ளை இருமும்.

வாசனை அடிக்கிறது, குளோரினைக் குறையுங்கள் என்று சொல்வது இயல்பு. பல நேரம் தேவை அதற்கு நேர்மாறு, ஏனென்றால் குளத்தில் வேலை செய்யத் தயாராக இருக்கும் ஃப்ரீ குளோரின் தீர்ந்துபோய் எல்லாம் குளோரமைனாகக் கட்டுண்டு கிடக்கிறது. அதை உடைக்க நிறைய குளோரின் ஒரேயடியாகப் போடும் முறை ஒன்று இருக்கிறது, யாரும் உள்ளே இல்லாதபோது, மின்விசிறி எல்லாம் முழு வேகத்தில் ஓடும்போது செய்ய வேண்டியது. அதுவும் எப்போதும் பலிப்பதில்லை, சிறுநீரிலும் வியர்வையிலும் உள்ள யூரியா குளோரினோடு மெதுவாகத்தான் வினைபுரியும், அடம்பிடிக்கும். எளிய வழி பழைய தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் சேர்ப்பது. ஒரு குளியலாளிக்கு 30 லிட்டர் என்பது ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் பின்பற்றப்படும் அளவு. ஆனால் புதுத் தண்ணீரைச் சூடாக்கக் காசு வேண்டும், அங்கேதான் கை இழுக்கும்.

சரி, சிறுநீர் விஷயத்தைச் சுற்றி வளைக்க வேண்டாம். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் ஒரு சாமர்த்தியமான வேலை செய்தார்கள். அசிசல்ஃபேம் பொட்டாசியம் என்ற செயற்கை இனிப்பு உடம்பில் மாறாமல் சிறுநீரில் அப்படியே வெளியேறும், குளத்துத் தண்ணீரிலும் சிதையாது. இரண்டு நகரங்களின் குளங்களிலும் வெந்நீர்த் தொட்டிகளிலும் மாதிரி எடுத்துப் பார்த்தார்கள், எல்லாவற்றிலும் அது இருந்தது. சுமார் 8 லட்சத்து 30 ஆயிரம் லிட்டர் கொண்ட ஒரு பெரிய குளத்தில் 75 லிட்டர் சிறுநீர் இருக்கும் என்று கணக்கு வந்தது. விகிதத்தில் பார்த்தால் துளிதான், குடம் குடமாக நினைத்துப் பார்த்தால் வயிற்றைப் பிரட்டும். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் எர்னஸ்ட் பிளாட்ச்லியின் குழு இன்னொன்றைக் காட்டியது. சிறுநீரில் உள்ள யூரிக் அமிலம் குளோரினோடு சேர்ந்தால் ட்ரைகுளோரமைனோடு சயனோஜன் குளோரைடு என்ற நச்சுப் பொருளும் உண்டாகும் என்று. அளவு மிகக் குறைவு, பீதி வேண்டாம், ஆனால் "குளோரின்தான் எல்லாத்தையும் கொன்னுடுமே" என்று சிரித்துக்கொண்டு குளத்திலேயே காரியத்தை முடிக்கும் பெரிய மனிதர்களுக்கு இதை யாராவது அச்சடித்துக் கொடுக்கலாம்.

இங்கேதான் சூடும் காற்றும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. தண்ணீர் சூடாக இருந்தால் நீந்துகிறவன் அதிகம் வியர்க்கிறான். அந்த வியர்வையோடு குளோரின் வேகமாக வினைபுரிகிறது, ஃப்ரீ குளோரின் சீக்கிரம் தீர்கிறது. உண்டான ட்ரைகுளோரமைன் சூட்டில் இன்னும் எளிதாகக் காற்றுக்கு ஏறுகிறது. தண்ணீர் ஆவியாவதும் கூடுகிறது. ஈரம் கூடியதும் ஈரப்பதம் நீக்கும் இயந்திரம் அதே உள்காற்றையே திரும்பத் திரும்ப இழுத்து உலர்த்தி உள்ளே விடுகிறது. அது ஈரத்தை எடுக்கும், குளோரமைனை எடுக்காது. ஈரப்பத மீட்டர் 55 காட்டும், மேலாளர் நிம்மதியாக இருப்பார், காற்றோ பழசு. குளிர்காலத்தில் இது உச்சத்துக்குப் போகும், ஏனென்றால் வெளிக்காற்றைச் சூடாக்கி உள்ளே விடுவதுதான் பெரிய செலவு, முதலில் மூடப்படுவது அந்தக் கதவுதான்.

அப்படியே காற்றோட்டம் நன்றாக இருந்தாலும் அது போக வேண்டிய இடத்துக்குப் போகிறதா என்பது வேறு கேள்வி. ஒரு மணி நேரத்தில் அரங்கின் மொத்தக் காற்றும் 4 முதல் 6 முறை சுற்றி வர வேண்டும் என்பது பொதுவான கணக்கு. கண்ணாடியில் பனி படியக்கூடாது என்று காற்றை ஜன்னல் பக்கமாக ஊதுவார்கள், அது மேலே ஏறி, கூரையோரம் போய், மேலே இருக்கும் குழாய் வழியாகவே வெளியேறிவிடும். நீர்மட்டத்தில் காற்று வேகமாக அடிக்கக்கூடாது என்பதும் திட்டமிட்டே செய்வது, அடித்தால் ஆவியாதல் கூடும், நனைந்தவர்கள் நடுங்குவார்கள். விளைவாக, மூக்கு இருக்கும் அந்த ஒரு சாண் உயரத்தில் மட்டும் காற்று அசையாமல் கிடக்கும். காகிதத்தில் ஆறு சுற்று, மூக்கருகே பூஜ்யம். இப்போது சில புதிய குளங்களில் தண்ணீர் வழிந்தோடும் விளிம்புக்கு அருகிலேயே உறிஞ்சு குழாய் வைத்துக் கனமான வாயுவை அங்கேயே இழுத்துவிடுகிறார்கள். புத்திசாலித்தனம், யாருக்கோ நல்ல புண்ணியம். நடுத்தர அழுத்த யுவி (புற ஊதா) விளக்கு வழியாகத் தண்ணீரை ஓட்டினால் குளோரமைன் உடைகிறது, அதுவும் உதவும். உப்பு நீர்க் குளம் என்றால் குளோரினே இல்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த உப்பிலிருந்து மின்சாரத்தால் உண்டாக்குவதே குளோரின்தான், வியர்வை கலந்தால் அங்கேயும் அதே குளோரமைன்தான்.

உடம்புக்கு என்ன ஆகும் என்பதில் நிதானமாகப் பேச வேண்டும், இணையத்தில் இரண்டு பக்கமும் மிகைப்படுத்துகிறார்கள். காற்றில் ட்ரைகுளோரமைன் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 2006இல் ஒரு கன மீட்டருக்கு 0.5 மில்லிகிராம் என்று தற்காலிக அளவு வைத்தது, பிரான்ஸின் சுகாதாரப் பாதுகாப்பு முகமையான ஆன்செஸ் 0.3 என்றது, ஜெர்மனி 0.2. பெல்ஜியத்தில் ஆல்ஃபிரட் பெர்னார்ட் குழு 2003இல் உள்ளரங்கக் குளத்துக்கு அடிக்கடி போகும் பள்ளிக் குழந்தைகளின் நுரையீரலில் பாதிப்பின் அறிகுறிகளையும் ஆஸ்துமாவோடு ஒரு தொடர்பையும் கண்டதாக எழுதியது, பெரிய பரபரப்பு ஆயிற்று. பிறகு பிரிட்டனில் ஏவன் பகுதிக் குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே தொடர்ந்து கவனித்த ஆய்வில், 2011இல், நீந்துவதால் ஆஸ்துமா கூடியதாகத் தெரியவில்லை, நுரையீரல் திறன் கொஞ்சம் நன்றாகவே இருந்தது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு நீச்சல் ஒத்துக்கொள்வதற்குக் காரணமே அந்த ஈரமான, வெதுவெதுப்பான காற்று மூச்சுக்குழாயை உலர விடாததுதான். ஆக, பிள்ளையை நீச்சலிலிருந்து நிறுத்துங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அதே மூச்சில் "அது ஒண்ணும் செய்யாது" என்றும் சொல்ல மாட்டேன். வாரத்துக்கு ஒரு மணி நேரம் விளையாட வருகிறவருக்கும், தினமும் இரண்டு வேளை மூச்சு வாங்க நீந்தும் போட்டி வீரருக்கும், எட்டு மணி நேரம் குளக்கரையில் நிற்கும் லைஃப்கார்டுக்கும் உள்ளே போகும் அளவு ஒன்றாகாது.

பராமரிப்பு அடியோடு கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் 2006 டிசம்பரில் ஒரு விடுதிக் குளத்தில் நடந்ததைச் சொல்லலாம். குளோரமைன் தேங்கிய காற்றை மூச்சில் இழுத்த ஆறு வயதுச் சிறுவனைத் தொண்டையும் மூச்சுக்குழாயும் வீங்கிய நிலையில் மருத்துவமனையில் சேர்த்தார்கள், அங்கே போன இன்னும் பலருக்குக் கண் எரிச்சலும் இருமலும். வெந்நீர்த் தொட்டி இருக்கும் இடங்களில் வேறு தொல்லையும் உண்டு. குமிழி விட்டுக் கலங்கும் சூடான நீரிலிருந்து கிளம்பும் நுண்துளிகளில் லெஜியனெல்லா போன்ற கிருமிகள் இருந்தால் அவை நேராக நுரையீரலுக்குப் போகும். தொட்டியின் கிருமிநாசினி அளவை யாரும் பார்க்காத இடத்தில், எவ்வளவு இதமாக இருந்தாலும், நான் இறங்குவதில்லை.

நான் முன்பு போய்க்கொண்டிருந்த ஒரு குளத்தில் இப்படித்தான். புகார் வந்தது என்று தண்ணீரை 27லிருந்து 29க்கு ஏற்றினார்கள், வகுப்புகளும் கூடின, கூட்டமும் கூடியது. கொஞ்ச நாளில் எங்கள் லேனில் பயிற்சி முடிந்ததும் ஆளாளுக்கு இருமல். சூடு மட்டும்தான் காரணம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது, கூட்டமும் ஒரு காரணமாக இருந்திருக்கும். ஆனால் பின்பக்க அவசரக் கதவைத் திறந்து வைத்த நாள்களில் இருமல் வெகுவாகக் குறைந்தது, அது எல்லோருக்கும் தெரிந்தது. கதவைத் திறந்தால் குளிர்கிறது என்று இன்னொரு கட்சி புகார் கொடுத்து அதை மூட வைத்தது. மேலாளரிடம் காற்றின் ஈரப்பதம் எவ்வளவு என்று கேட்டேன், அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஏதோ கணக்குத் தணிக்கைக்கு வந்த ஆளைப் பார்ப்பது போல. அப்புறம் "எல்லாம் ஆட்டோமேட்டிக் சார்" என்றார்.

2022இல் ஐரோப்பாவில் எரிசக்தி விலை எகிறியபோது ஜெர்மனியில் பல நகரங்கள் குளத்து நீரின் சூட்டை இரண்டு டிகிரி வரை குறைத்தன. செய்தியைப் படித்த பலர் அங்கே நீந்துகிறவர்களுக்காகப் பரிதாபப்பட்டார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் அது கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆகச் சிறந்த ஏற்பாடு இரண்டு குளம், சின்னது சூடாக, பெரியது குளிர்ச்சியாக. அது முடியாத இடத்தில் 28ஐத் தாண்டாமல் வைத்துக்கொண்டு, காற்றை 29, 30க்குக் கொண்டுவருவதுதான் என் கட்சி. குளிர்கிறது என்ற புகாரில் பாதி அதிலேயே அடங்கிவிடும்.

நீந்தப் போகிறவர்களால் ஆவதும் இருக்கிறது. இறங்குவதற்கு முன் ஒரு நிமிடம் ஷவரில் முழுதாக நனைந்தால் உடம்பில் உள்ள வியர்வை, க்ரீம் எல்லாவற்றிலும் பெரும்பகுதி போய்விடும். கால் விரலை மட்டும் நனைத்துவிட்டு ஓடுவதில் பயனில்லை. பிள்ளைகளை ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கழிவறைக்குக் கூட்டிப் போங்கள், அவர்கள் வேண்டாம் என்றாலும். நீங்களும் போங்கள்.

குளத்தின் வாசலிலேயே அந்த வாசனை அடித்தால் உஷாராகுங்கள். அரங்கின் காற்றழுத்தம் மற்ற அறைகளைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும், வாசனை வெளியே கசியக்கூடாது, கசிகிறது என்றால் காற்றோட்ட இயந்திரம் எங்கோ சரியில்லை. உள்ளே கண்ணாடியெல்லாம் நீர் வழிந்தால் அதுவும் அடையாளம். பலகையில் பெரும்பாலும் தண்ணீரின் சூடு, பிஎச் (அமில, காரத் தன்மை), ஃப்ரீ குளோரின் என்று எழுதியிருப்பார்கள். மொத்தக் குளோரின் எவ்வளவு என்று கேளுங்கள். மொத்தத்திலிருந்து ஃப்ரீ குளோரினைக் கழித்தால் மிஞ்சுவது கட்டுண்ட குளோரின், அதாவது தண்ணீரில் உள்ள குளோரமைன். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் என்பது ஜெர்மன் தரம், அமெரிக்காவின் முன்மாதிரி விதிகள் 0.4 வரை விடுகின்றன. 1ஐத் தொட்டுவிட்டால் அன்றைக்கு நான் தண்ணீரில் இறங்க மாட்டேன். காற்றின் சூடும் ஈரப்பதமும் கேளுங்கள், வெளிக்காற்று எத்தனை சதவீதம் உள்ளே வருகிறது என்றும் கேளுங்கள். இந்த எண்களைச் சொல்லத் தெரிந்த ஒருவர் அந்தக் குளத்தில் இருந்தாலே பாதிக் கவலை விட்டது. நான் இப்போது போகும் குளத்தில் இயந்திர அறையைப் பார்த்துக்கொள்ளும் அம்மா ஒருவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறார், கூட்டம் அதிகமான நாளில் "இன்னைக்கு சாயங்காலம் வராதீங்க, நாளைக்குக் காலைல வாங்க" என்றும் சேர்த்து.